சண்பக மரங்களுக்குக் கீழே

இலங்கை மலையகத்து மடுல்சீமையில் மழைக்காட்டை ஒட்டிய தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர் விஜயலெட்சுமி. எதிர்த்துப் பேசுகிறவர் என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பெயர். இருக்கட்டுமே! பேசாமல் இருந்தவர்கள் என்னத்தைக் கண்டார்கள்?

அவருடைய ஒரே மகள் சுகந்தி பள்ளிக்கூடம் போகிற வயதில் காய்ச்சலில் இறந்தாள். தோட்டத்து மயானத்தில் கல்லறை கட்ட நிர்வாகம் விட்டதில்லை. சீமெந்து பூசினால் நிலத்துக்கு உரிமை கேட்பார்களாம். அதனால் புதைத்த இடத்தில் ஒரு சண்பகக் கன்றை நடுவது அங்கே வழக்கம். மகளின் மேல் நட்ட கன்றை, மழை பொய்த்த நாட்களிலெல்லாம் ஊற்றுநீர் விழும் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்து வளர்த்தார் அந்தத் தாய். இப்படித் தலைமுறை தலைமுறையாக நட்ட மரங்கள் ஓங்கி வளர்ந்து காட்டோடு சேர்ந்துவிட்டன. வானத்திலிருந்து எடுத்த படத்தை மேசையில் விரித்துப் பார்த்த வன இலாகாப் பெரிய மனிதர்களுக்கு எல்லாமே காடாகத் தெரிந்தது. லயத்துக்கு வந்து ஒரு வார்த்தை கேட்க எவருக்கும் மனம் வரவில்லை. எல்லைக் கல்லை நட்டு, பாதுகாக்கப்பட்ட வனம் என்று பலகை அடித்துவிட்டுப் போனார்கள். மரம் தெரிந்த கண்ணுக்கு மனிதர் தெரியவில்லை. என்ன கண்ணோ!

போன மழைக்காலத்தில் கணவர் தயாபரன் இறந்தார். "புள்ளைக்குப் பக்கத்துல என்னையும் வச்சிரு" என்று படுக்கையில் கேட்டுக்கொண்டே இருந்தவர். மயானத்துக்குப் போகும்போது பெண்கள் பாதி வழியில் நின்றுவிட வேண்டும். பெட்டியோடு போன ஆண்களை வனக் காவலர்கள் எல்லைக் கல்லருகே மறித்துவிட்டார்கள் என்ற செய்தி அங்கேதான் வந்தது. விஜயலெட்சுமி விறுவிறுவென்று மேலே ஏறினார்.

காட்டில் குழி தோண்டக் கூடாது என்று ஒரு காவலர் குறுக்கே நின்றார்.

"எம் மக கெடக்குற எடங்க இது. தள்ளுங்க."

கூட வந்த ஒருவரின் மண்வெட்டியைப் பிடுங்கி முதல் கொத்தை விஜயலெட்சுமியே போட்டார். அதற்குப் பிறகுதான் ஆண்களுக்கும் தைரியம் வந்தது. தயாபரனை மகளுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

இப்போது பதுளையில் வழக்கு நடக்கிறது. விஜயலெட்சுமி வனத்தைச் சேதப்படுத்தினாராம்! தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் மேலேயே இப்படி எழுத எப்படித்தான் கை வந்ததோ.

வக்கீல் றுஷ்தி நல்லவர். தப்பிக்க ஒரு வழி சொன்னார்.

"காடுண்டு தெரியாமப் போயிட்டேண்டு சொல்லுங்கம்மா. எச்சரிச்சு விட்டுருவாங்க."

விஜயலெட்சுமி மறுத்துவிட்டார்.

"தண்டன குடுக்கட்டுங்க ஐயா. காடுன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். சொன்னா, அங்க யாருமே இல்லன்னு ஆயிரும்."