ஏழாவது வரி

என் பீரோவில், புடவைகளுக்கு அடியில், நான்காக மடித்த கோடு போட்ட முழுத்தாள் ஒன்று இருக்கிறது. நீல மையில் பத்து வரிக் கவிதை. ஏழாவது வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் என் கையெழுத்தில் "ஆதாரம் எங்கே?". எவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறேன் என்றால், தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும். "அதை எதுக்கு எடுத்து எடுத்துப் பார்க்கிறே, தூக்கிப் போடேன்" என்பார் என் கணவர். போடத்தான் வேண்டும். கை வரவில்லை.

ஆவடிப் பக்கம் ஓர் அரசு பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'ஆதாரம் டீச்சர்'. நான் வராந்தாவில் வரும்போதே "ஏய், ஆதாரம் வருதுடி" என்று குசுகுசுப்பது காதில் விழும். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும், பொய் சொல்வானேன். ப்ராஜெக்ட் கொடுத்தால் போதும், ஸ்டேஷனரி கடைக்கு ஓடித் தலைவர் படம் ஒன்றை வாங்கி, பின்பக்கம் அச்சடித்திருக்கிற பிறப்பு, பெற்றோர், தொண்டு, மறைவு எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதி நீட்டுவார்கள். அதைத் திருத்தித் திருத்தி எனக்கு வயிறு எரிந்துபோயிருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு பயிற்சி வகுப்பில் இந்தக் கவிதை வேலையைச் சொன்னார்கள். வரலாற்றில் வாழ்ந்த ஒருவரைத் தேடிப் படித்து, அவரைப் பற்றிப் பத்து வரி எழுத வேண்டும். யாருடைய பிள்ளை, எதை நேசித்தார், எதற்கு அஞ்சினார், எதைக் காண ஆசைப்பட்டார் என்று வரிக்கு ஒரு கேள்வி. என் பங்குக்கு நான் ஒன்றைச் சேர்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, ஓரத்தில், அது எப்படித் தெரிந்தது என்று எழுதியே ஆக வேண்டும். கடைத் தாள் செல்லாது.

அந்தப் பெண் அப்போது பத்தாம் வகுப்பு. மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வருவாள். அப்பாவுக்கு ஷேர் ஆட்டோ, அம்மாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனி வேலை. ஒருமுறை சொன்னால் கற்பூரம் மாதிரிப் பற்றிக்கொள்கிற புத்தி. வெள்ளைக்காரனை எதிர்த்துத் தோற்ற ஒரு ராணியை எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் அம்மாவின் போனில் தேடி முடித்துக்கொண்டபோது, இவள் இரண்டு சனிக்கிழமை கிளை நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். எந்தக் கோட்டை, எத்தனை வயதில் பட்டம், யார் காட்டிக்கொடுத்தது, எல்லாம் பக்க எண்ணோடு ஓரத்தில் இருந்தது. என் சர்வீஸில் அப்படி ஒரு தாளை நான் வாங்கியதில்லை.

அரையாண்டு விடுமுறை முடிந்து ஒரு மதியம், வகுப்பில் கவிதைகளைச் சத்தமாகப் படித்தோம். எதற்கு அஞ்சினார் என்பது ஏழாவது வரி. ஒவ்வொருத்தியாக எழுந்து "எதற்கும் அஞ்சாதவர்", "எதற்கும் அஞ்சாதவர்" என்று படித்துக்கொண்டே வந்தார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது. இவள் முறை வந்தபோது, "பரீட்சை முடிகிற நாளுக்கு அஞ்சினாள்" என்று படித்தாள்.

"ஏம்மா, ராணி எந்த ஸ்கூல்ல பரீட்சை எழுதினா? ஹால் டிக்கெட் யார் குடுத்தது, வெள்ளைக்காரனா?" என்றேன்.

வகுப்பு பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "நாங்கல்லாம் பரீட்ச எப்போ முடியும்னு காத்துகினு கீறோம், இவ ராணி இன்னாடான்னா முடியக் கூடாதுன்றா டீச்சர்!" என்று கத்தினாள். இவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். தாளை வாங்கினேன். அந்த வரிக்கு எதிரே ஓரத்தில் பக்க எண் இல்லை, நூலின் பெயர் இல்லை, 'எனக்குத் தெரியும்' என்று மட்டும் இருந்தது. கோபமாக வந்தது. இவ்வளவு கெட்டிக்காரி இப்படிச் சொதப்புகிறாளே என்ற கோபம். வட்டம் போட்டேன்.

பெல் அடித்த பிறகு மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், அந்த வரி மட்டும் அப்டியே இருக்கட்டுமே."

"ஆதாரம் இருந்தா இருக்கட்டும்" என்றேன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மறுநாள் நல்ல பிரதி எழுதி, பழைய தாளோடு சேர்த்துக் கொண்டு வந்து கொடுத்தாள். ஏழாவது வரியில் 'எதற்கும் அஞ்சாதவள்' என்று இருந்தது. 'மிக நன்று' போட்டேன். தலைமையாசிரியை அதை லேமினேட் செய்து ஆபீஸ் வாசலில் மாட்டினார்.

பொதுத்தேர்வில் கடைசிப் பரீட்சை என் பாடம்தான். முடிந்ததும் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி இங்க் தெளித்துக்கொண்டு கூச்சல் போட்டுக் கலைந்தார்கள். இவள் மட்டும் வேப்பமரத்தடியில், பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டக் காத்திருந்தார். "என்னம்மா, வீட்டுக்குப் போக மனசு வரலியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் வண்டியைக் கிளப்பினேன்.

நான்காம் நாள் அவளுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது. மாப்பிள்ளை அம்மாவின் தம்பி. அதெல்லாம் எனக்குத் தெரிந்தது, ரிசல்ட் வந்து, என் பாடத்தில் பள்ளியிலேயே முதலாக வந்தவள் மார்க் ஷீட் வாங்க வராதபோதுதான். வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். அம்மாதான் கதவைத் திறந்தார்.

"இன்னா டீச்சர் பண்ணச் சொல்றே? நாங்க ரெண்டு பேரும் காலைல போனா ராத்திரிதான் ஊட்டுக்கு வரோம். காலம் கெட்டுக் கெடக்குது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா நான் மூஞ்ச எங்க வச்சிக்கிறது? பரீட்ச வரைக்கும் வுடுன்னு அவ கேட்டா, வுட்டோம். தீவாளிக்கே பேசி முடிச்சதுதான்."

தீபாவளிக்கே. கவிதை எழுதியது அதற்குப் பிறகு. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். அதற்குள் வீட்டில் பேச்சு மாறியிருந்தது. கல்யாணமே ஆகவில்லையாம், பெண் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கப்போகிறாளாம். பத்திரிகை அடிக்கவில்லை, போட்டோ இல்லை, அக்கம்பக்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. வந்தவர்களில் ஓர் இளம்பெண் என்னைப் பார்த்து, "ஆதாரம் ஏதாவது இருக்கா மேடம்?" என்றாள். பையிலிருந்து இந்தத் தாளை எடுத்து நீட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "இது ராணியப் பத்தின கவிதைதானே மேடம்?"

போன வருஷம் திருநின்றவூர் ஸ்டேஷன் வாசலில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, கையில் காய்கறிப் பை, கழுத்தெலும்பு தெரிந்தது. அவள்தான் முதலில் என்னைக் கண்டுகொண்டாள். என்னென்னவோ சொல்ல வாயெடுத்து, "என்னை மன்னிச்சிடும்மா" என்று அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"ஆபீஸ் பக்கத்துல மாட்டினீங்களே டீச்சர், அது இன்னும் கீதா?"

"இருக்கும்மா."

"கயட்டிடுங்க. அதுல ஏழாவது வரி நான் எழுதினது இல்ல, நீங்க எழுதினது."

குழந்தை சிணுங்கியது. அதை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். மறுநாளே கழற்றினேன். "நல்லாத்தானே இருக்கு, ஏன்?" என்றார் தலைமையாசிரியை. "தப்பு இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

இன்றைக்கும் அந்தத் தாளை எடுத்தேன். மடிப்பில் கிழியத் தொடங்கியிருக்கிறது. வேகத்தில் போட்ட பெரிய வட்டம், வரியோடு நிற்காமல் ஓரம் வரைக்கும் போயிருக்கிறது. நான் கேட்ட இடத்தில், நான் சொன்னபடியே, அவள் எழுதித்தான் கொடுத்திருக்கிறாள், 'எனக்குத் தெரியும்' என்று. அதையும் சேர்த்துத்தான் சுழித்திருக்கிறேன்.