எல்லாத் தரைக்கும் ஒரே மருந்து

திங்கட்கிழமை காலை கசுபா விடுதிக்குள் காலெடுத்து வைத்தபோது வரவேற்பறையின் பளிங்குத் தரை செத்துக் கிடந்தது.

சனிக்கிழமை மதியம் அவள் கிளம்பும்போது மேலே தொங்கும் விளக்கு அந்தத் தரையில் அப்படியே தெரிந்தது. இப்போது சுண்ணாம்புத் தண்ணீரைக் கொட்டிக் காயவிட்ட மாதிரி வெளிறியிருந்தது. வாசலிலிருந்து மேசை வரைக்கும் திட்டுத் திட்டாக, துடைப்பம் போன தடம்கூடத் தெரிந்தது. குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். வழவழப்பு போய் சொரசொரவென்றிருந்தது. விரலை மோந்தாள், நெடி மூக்கைக் குத்தியது. யார் சொல்லி நடந்தது, எதை ஊற்றி நடந்தது என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

கசுபாவுக்கு நாற்பத்தாறு வயது. முஃபுலிராவில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவள். கல்யாணமாகி லுசாகாவுக்கு வந்தபின் வீட்டு வேலைக்குப் போனாள். முதல் வீட்டிலேயே கூடத்து மரக்கட்டைத் தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். இரண்டே நாளில் கட்டைகள் ஊறி, உப்பி, ஒவ்வொன்றாகப் பெயர்ந்து எழுந்தன. அந்த வீட்டுக்காரி அவளை அன்றே அனுப்பிவிட்டாள். அதற்கப்புறம் ஒரு தரை எதனால் ஆனது என்று தெரியாமல் அதன்மேல் ஒரு சொட்டு எதையும் அவள் விட்டதில்லை. கொத்தனார்களிடம் கேட்டாள், கடைக்காரர்களிடம் கேட்டாள், வேலைக்கு வரும் மற்றப் பெண்களிடம் கேட்டாள். கேட்டதை ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

இந்த விடுதியில் பதினோரு வருடமாக இருக்கிறாள். பழைய பங்களா ஒன்றோடு புதிய அறைகளைச் சேர்த்துக் கட்டியது. தாழ்வாரத்தில் சிவப்புச் சிமெண்டு. அதற்குச் சிவப்பு மெழுகு பாலீஷைக் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு இளக்கித் தேய்ப்பாள். சாப்பாட்டுக் கூடத்தில் மரக்கட்டை. அதற்குப் பிழிந்த துணியும் வெறும் மெழுகும் போதும். நடைவழி மொசைக், குளியலறை டைல்ஸ். எல்லாவற்றையும்விட வரவேற்பறைப் பளிங்குதான் அவளுக்குக் கண். இரண்டு வருடத்துக்கு முன் முதலாளி நகாஸ்வே அம்மா ஆசை ஆசையாகப் போட்டது. அதற்குக் காரம் குறைந்த சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மூடி விட்டு, துடைத்ததும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பாள். அதன் பக்கத்தில் எலுமிச்சம்பழச் சாறு வைத்தால்கூடச் சண்டைக்குப் போவாள்.

வெள்ளிக்கிழமை அந்த நீல டிரம் வந்து இறங்கியபோதே சண்டை தொடங்கிவிட்டது. மேனேஜர் லுபிண்டா வேலைக்கு வந்து மூன்று மாதம்தான். நகாஸ்வே அம்மாவின் அக்கா மகன், முப்பதுகூட ஆகாதவன், கழுத்தில் டையோடுதான் காலை டீ குடிப்பான். டிரம்மின்மேல் பெயின்டால் 'எல்லாத் தரைக்கும்' என்று எழுதியிருந்தது.

"கசுபா, இனிமே இது ஒண்ணுதான். உன் டப்பா டுப்பாவையெல்லாம் தூக்கிக் குப்பையில போடு" என்றான்.

மகள் முவிலா பிறந்த நாளிலிருந்து அவளை எல்லாரும் முவிலாம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நகாஸ்வே அம்மாவே அப்படித்தான். இவன் மட்டும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அதை அவள் மூன்று மாதமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். அன்றும் விழுங்கிக்கொண்டு, டிரம்மிலிருந்து ஒரு மூடி எடுத்துப் பின்வாசல் சிமெண்டுப் படியில் ஊற்றினாள். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது.

"பாருங்க சார், சிமெண்டையே தின்னுது. இது கக்கூஸ் பீங்கானுக்கு ஊத்துறது. பளிங்குல பட்டா தரையே போச்சு."

"நீ எப்போ கெமிஸ்ட்ரி படிச்சே?"

"படிக்கல சார். பதினோரு வருஷமா முட்டி போட்டுத் துடைச்சிருக்கேன்."

"அதான் சொல்றேன். துடைக்கிறதுதான் உன் வேலை. எதால துடைக்கணும்னு நான் சொல்லுவேன்."

"அப்போ நீங்களே துடைச்சுக்கோங்க. என் கை அதைத் தொடாது" என்று மூடியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை கல்யாணக் கூட்டம் ஒன்று தங்க வருவதாக இருந்தது. தரை பளபளவென்று இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை, அவள் இல்லாத நாளில், லுபிண்டா தோட்டக்காரரைக் கூப்பிட்டு அந்த டிரம் தண்ணீரை ஊற்றித் தேய்க்கச் சொல்லியிருக்கிறான். தோட்டக்காரர் சிமுகொண்டா மனைவியும் நாலு பிள்ளைகளும் உள்ளவர். மாட்டேன் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

இந்த விவரமெல்லாம் கசுபாவுக்குப் பிறகு தெரிந்தது. அன்று காலை நடந்தது வேறு. லுபிண்டா எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டான். சமையல்காரர், துணி துவைக்கிற பெண்கள், காவல்காரர் என்று ஒன்பது பேர் நின்றார்கள்.

"மேடம் உயிரைக் கொடுத்துப் போட்ட தரை. இந்த அம்மா மண்ணெண்ணெய் பாலீஷைப் போட்டு நாசம் பண்ணிட்டாங்க. வயசாயிடுச்சு, கண்ணும் தெரியல, சொன்னாலும் ஏறல" என்றான் லுபிண்டா.

கசுபா அவனைப் பார்க்கவில்லை. சிமுகொண்டாவைப் பார்த்தாள். அவருடைய விரல் நுனிகளெல்லாம் தோல் உரிந்து வெள்ளையாக இருந்தன. அவள் பார்ப்பதைப் பார்த்ததும் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"அண்ணே, உங்க கையை வெளியில எடுங்க" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆறு வருடமாக அவளோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்ட மனிதர். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. லுபிண்டா பொய் சொன்னதுகூட அவ்வளவு சுடவில்லை.

பிறகு அலுவலக அறையில் லுபிண்டா அவளிடம் ஒரு தாளை நீட்டினான். தரையைச் சேதப்படுத்தியதை ஒப்புக்கொண்டு தானாக வேலையிலிருந்து விலகுவதாக எழுதியிருந்தது. கசுபா ஒன்பதாவது வரை படித்தவள். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். பிறகு தாளைத் திருப்பிப் போட்டு, 'ஞாயிறு முழுக்க நான் சர்ச்சில் இருந்தேன். சிமுகொண்டாவின் கையைப் பாருங்கள்' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"இதை மேடம்கிட்ட கொடுங்க. கொடுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

வேலையை அப்படியே விட்டுப் போகும்போது சலவையறைச் சுவரோரம் கொத்தனார் விட்டுப்போன பளிங்குத் துண்டு ஒன்றை எடுத்துப் பையில் போட்டாள். ஒரு மருந்துப் புட்டியில் டிரம் தண்ணீரை நிரப்பினாள். பழைய பாலீஷ் டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். வாசலில் காவல்காரர் பையைத் திறந்து காட்டச் சொன்னார்.

"உடைஞ்ச கல்லும் கக்கூஸ் தண்ணியும் திருடிட்டுப் போறேன். நோட்டுல எழுதிக்கோங்க" என்றாள். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

வீட்டில் கணவர் கபெம்ப்வா சோளமாவுக் களியான இன்ஷிமாவை உருட்டிக் கருவாட்டுக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மினிபஸ் ஓட்டுகிறவர். நாளெல்லாம் கத்திவிட்டு வருவதால் வீட்டில் சத்தம் பிடிக்காது.

"கையெழுத்தைப் போட்டுத் தொலைச்சிட்டு வேற இடம் பார்க்க வேண்டியதுதானே முவிலாம்மா. ஒரு தரைக்காகவா இவ்வளவு?"

"உங்க பஸ்ஸுல டீசலுக்குப் பதிலா ஒருத்தன் வேறெதையோ ஊத்திட்டு, எஞ்சினைக் கெடுத்தது நீங்கதான்னு ஸ்டாண்டுல வச்சு எல்லார் முன்னாடியும் சொன்னா, கையெழுத்துப் போட்டுட்டு வருவீங்களா முவிலாப்பா?"

அவர் வாயில் வைத்ததை மென்று முடிக்கும்வரை யோசித்தார். "அவன் பல்லைப் பேர்த்திருப்பேன்" என்றார்.

"எனக்குப் பல்லு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போனாள். அன்று இரண்டு தட்டு உடைந்தது.

மறுநாள் காலை கம்வாலா கடைத்தெருவில் நகாஸ்வே அம்மாவின் துணிக்கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். வழக்கமாக முழங்காலை மடக்கிக் கைகளை மெல்லத் தட்டித்தான் வணக்கம் சொல்வாள். அன்று நிமிர்ந்தே நின்றாள். நகாஸ்வே அம்மா அதைக் கவனித்தார்.

"என் தரையைக் கெடுத்ததும் இல்லாம, சண்டைக்கும் வந்திருக்கியா முவிலாம்மா?"

"ஆமா மேடம், சண்டைக்குத்தான் வந்திருக்கேன். ஒரு அஞ்சு நிமிஷம் இந்தக் கல்லைப் பாருங்க. அப்புறம் என்னை என்ன வேணா சொல்லுங்க."

துணி அளக்கும் மேசைமேல் செய்தித்தாளை விரித்துப் பளிங்குத் துண்டை வைத்தாள். ஒரு மூலையில் டப்பாவிலிருந்த பாலீஷை அப்பினாள். இன்னொரு மூலையில் புட்டியைச் சாய்த்தாள். தண்ணீர் பட்ட இடம் சீறிக்கொண்டு நுரைத்தது. நகாஸ்வே அம்மா பின்னால் நகர்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் விட்டு இரண்டையும் துடைத்தாள். பாலீஷ் போட்ட மூலையில் சிவப்பு லேசாக ஒட்டியிருந்தது. சோப்புத் துணியால் இரண்டு தரம் தேய்க்கவும் பெரும்பாலும் போய்விட்டது, கல்லின் பளபளப்பு அப்படியே இருந்தது. புட்டித் தண்ணீர் பட்ட மூலை வெள்ளையாக, குழிந்து, செத்துப் போயிருந்தது.

"தொட்டுப் பாருங்க மேடம். உங்க தரை எந்த மூலை மாதிரி இருக்கு?"

நகாஸ்வே அம்மா தொட்டார். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"இந்தத் தண்ணி யார் வாங்கினது?"

"உங்க அக்கா மகன்."

"ஊத்தினது?"

"சிமுகொண்டா அண்ணன் கையைப் பார்த்தாலே தெரியும். தோலே இல்ல."

கடையைப் பூட்டிவிட்டு இருவரும் நகாஸ்வே அம்மாவின் காரில் விடுதிக்குப் போனார்கள். அலுவலக அறைக் கதவை மூடிக்கொண்டு நகாஸ்வே அம்மா சிமுகொண்டாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் இரண்டு கைகளையும் நீட்டி, "மேனேஜர் சார் ஊத்தச் சொன்னார் மேடம். நான் ஊத்தினேன்" என்றார். லுபிண்டா, விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றான், டிரம்மிலேயே எழுதியிருந்தது என்றான், கல்யாணக் கூட்டம் வருகிற அவசரம் என்றான். நகாஸ்வே அம்மா அவனைத் திட்டினார். ஆனால் போ என்று சொல்லவில்லை. அக்கா மகன்.

பிறகு கசுபாவைப் பார்த்து, "சரி முவிலாம்மா. தெரிஞ்சுபோச்சு. போய் வேலையைப் பாரு" என்றார்.

கசுபா அசையவில்லை.

"மேடம், முற்றத்துல ஒன்பது பேர் முன்னாடி எனக்குக் கண்ணு தெரியலன்னு சொன்னாரு. தப்பு பண்ணது யாருன்னு கதவைச் சாத்திக்கிட்டுச் சொன்னா எப்படி? அதே இடத்துல, அதே ஆளுங்க முன்னாடி, அதே சத்தத்துல சொல்லணும்."

"எதுக்கு இதைப் பெருசு பண்றே?"

"பெருசு பண்ணது நான் இல்ல மேடம். சின்னது பண்ணப் பார்க்குறது நீங்கதான்."

அப்படி அவரிடம் பதினோரு வருடத்தில் அவள் பேசியதில்லை. சொல்லிவிட்டு, முந்தின நாள் போட்ட மேலங்கியின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நகாஸ்வே அம்மா சன்னல் வழியே வரவேற்பறையைப் பார்த்தார். வெளிறிய தரையின்மேல் கல்யாண வீட்டுப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "எல்லாரையும் கூப்பிடு" என்றார் லுபிண்டாவிடம்.

முற்றத்தில் லுபிண்டா முனகினான். "ஒரு தப்பு நடந்துபோச்சு. கசுபா..."

"முவிலாம்மா" என்றாள் அவள்.

அவன் திருத்திக்கொண்டான். "முவிலாம்மா மேல தப்பில்ல. மருந்தை நான்தான் ஊத்தச் சொன்னேன்."

"பின்னால நிக்கிற சமையக்காரருக்குக் காது கேக்கல" என்றாள்.

சமையல்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். லுபிண்டா சத்தமாக இன்னொரு தடவை சொன்னான். அவன் காது மடல் சிவந்து கறுத்தது. கசுபாவுக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. வாயில் கசப்புதான் இருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு மொசைக் நடைவழிக்குப் போய்விட்டாள்.

பளிங்குக்கு மெஷின் வைத்து அரைக்கிற ஆள் கிட்வேயிலிருந்து வந்து மூன்று நாள் அரைத்தார். பெரும்பகுதி தேறிவிட்டது. மேசைக்குப் பக்கத்தில் கையகலம் மட்டும் மங்கலாகவே நின்றது. அதன்மேல் பூந்தொட்டியை வைத்துவிட்டார்கள். நீல டிரம் வெளிக் கக்கூஸுக்குப் போயிற்று. 'எல்லாத் தரைக்கும்' என்ற எழுத்தைக் கறுப்புப் பெயின்டால் அடித்துவிட்டு, 'கக்கூஸ் பீங்கானுக்கு மட்டும். கையுறை போடு' என்று கசுபா தன் கையாலேயே எழுதினாள். எந்தத் தரைக்கு எது வாங்குவது என்று அவளைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று நகாஸ்வே அம்மா சொல்லிவிட்டார். லுபிண்டா ஒரு வருடம் இருந்துவிட்டு வேறு வேலைக்குப் போனான். கடைசிவரை அவளை முவிலாம்மா என்று கூப்பிட்டான், ஒவ்வொரு தடவையும் கல்லைக் கடித்த மாதிரி.

சிமுகொண்டாவிடம் அவள் ஐந்து மாதம் பேசவில்லை. அவர் மதியம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் தட்டோடு எழுந்து போனாள். மன்னிப்புக் கேட்டார். "எனக்கு நாலு பிள்ளைங்க முவிலாம்மா" என்றார். "எனக்குப் பிள்ளை இல்லையா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்கிய வாரம் அவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். மனைவி புது வீட்டு அறையில் பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டியிருந்தாளாம். பளபளக்கட்டும் என்று அதன்மேல் இவர் மண்ணெண்ணெய் கலந்த பாலீஷைத் தேய்த்திருக்கிறார். இப்போது நடந்தால் கால் ஒட்டுகிறதாம். மனைவி வீட்டுக்குள் விடவில்லையாம்.

கசுபா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பொரிந்து தள்ளினாள்.

"ஆறு வருஷம் என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்களே, காதுல பஞ்சா வச்சிருந்தீங்க? மண்ணெண்ணெய் பட்டா பிளாஸ்டிக் இளகாதா? சோப்பை வெதுவெதுத் தண்ணியில கரைச்சு, மெத்துன்னு இருக்குற துணியால தேய்ங்க. கம்பிநார் போட்டீங்கன்னா கையை உடைப்பேன். போகலன்னா ரெண்டு மூணு நாள் விட்டு விட்டுத் தேய்ங்க. அதுக்கப்புறமும் ஒட்டுச்சுன்னா விரிப்பையே தூக்கிப் போடுங்க, தரை பிழைக்கும். வேற எதையும் ஊத்தாதீங்க. கடைக்காரன் என்ன சொன்னாலும் ஊத்தாதீங்க. கேக்குதா?"

"கேக்குது முவிலாம்மா."

"போங்க."

அவர் போனார். அவள் முணுமுணுத்துக்கொண்டே சாப்பாட்டுக் கூடத்து மரக்கட்டைகளுக்கு மெழுகு தேய்க்கப் போனாள். மறுநாள் மதியம் அவர் வந்து உட்கார்ந்தபோது அவள் எழுந்து போகவில்லை. பேசவும் இல்லை.