நாகவள்ளிக்காகப் பாடாத வரி

வளைகுடாவில், ராஸ் லஃபான் தொழிலாளர் கேம்ப்பில் பைப் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அருள்ராஜுக்குப் பாட்டுக் கட்டுவதுதான் உயிர். வெள்ளிக்கிழமை தோஹாவில் கூடும் தமிழ் ஜெபக் கூட்டத்துக்கு அவன்தான் பாட்டெழுதுவான். பழைய கிரேக்கர்கள் தங்கள் தெய்வங்களைப் பாடிய முறையை எங்கோ படித்துவிட்டு, அதே முறையில் எழுதிப் பார்த்தான். முதலில் பல பெயர்கள் சொல்லிக் கூப்பிட வேண்டும். அடுத்து, செய்த பெருமைகளைச் சொல்ல வேண்டும். கடைசியில்தான் கேட்க வேண்டியதைக் கேட்கலாம்.

ரூமில் இதை விளக்கியபோது, சாரம் கட்டும் சோலைமுத்து சிரித்தார். “எங்க அய்யனார்கிட்டயும் அப்படித்தான் தம்பி. போய் நின்ன ஒடனே கேட்டா குடுத்துருவாரா?” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஊர்ல எம் பொண்டாட்டி நாகவள்ளிக்கு நெறமாசம். பிரஷர் ஏறி ஆஸ்பத்திரில கெடக்கா. கடைசில கேக்குற எடத்துல அவ பேரையும் சேத்துக்க” என்றார்.

“கண்டிப்பாண்ணே.”

எழுதவும் செய்தான். ஆனால் வெள்ளிக்கிழமை முன்வரிசைக்காரர்களின் முகங்களைப் பார்த்ததும் அந்த வரியைப் பாட அவனுக்கு வாய் வரவில்லை. சபைக்கு வெளியே உள்ள பெயராயிற்றே, யார் இந்த நாகவள்ளி என்று கேட்பார்களே. ஆதிக் கிறிஸ்தவர்களின் பாட்டுகள் சிலவற்றில் துதி மட்டும்தானே, வேண்டுதலே இல்லையே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, துதியோடு ஆமென் போட்டு முடித்துவிட்டான். எல்லாரும் கைகுலுக்கினார்கள். ரூமுக்கு வந்து, “பாடிட்டேண்ணே” என்றான்.

அடுத்த வாரம் டியூட்டி முடிந்து சோலைமுத்து அல்வா டப்பாவோடு வந்தார். “பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் பொழச்சுக்கிட்டாங்க. எல்லாம் ஒம் பாட்டுதான்யா.” அருள்ராஜ் ஒரு துண்டு அல்வாவை எடுத்தான். அதற்குள் அவர் போனை நீட்டினார். “அவதான் லைன்ல. அவ பேரு வர்ற வரிய மட்டும் பாடிக் காட்டு.”

“பாடுங்க தம்பி” என்றது களைத்த குரல். “பிள்ள காதுல போன வைக்கிறேன்.”

அந்த வரி அவனுக்கு மனப்பாடம். பாடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மறுமுனையில் குழந்தை மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

“மதினி, அன்னிக்கு அந்த வரிய நான் பாடல.”

சோலைமுத்து போனை வாங்கி, “பெறகு பேசுறேன்” என்று வைத்தார்.

“மறந்துட்டியா?”

“இல்லண்ணே. கூச்சமா இருந்துச்சு.”

“எம் பொண்டாட்டி பேரச் சொல்லவா?”

சோலைமுத்து டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்து ரூமுக்குப் போனார். பெண் பிறந்த செய்தியை அவர் அங்கே சொல்வது கேட்டது. பாட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.