ஒலி எழுப்பவும் என்று எழுதிய ஊன்றுகோல்

என் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஊன்றுகோல் சாய்ந்து நிற்கிறது. மஞ்சள் உடம்பு, சிவப்பு ஓரம். அக்குளில் வைக்கும் கட்டைக்குக் கீழே ‘முருகன் துணை’, அதற்கும் கீழே ஒரு லாரி கம்பெனியின் பெயர், பின்பக்கம் ‘ஒலி எழுப்பவும்’. அதை ஊன்றி நான் நடந்த காலத்தில், தேனி கடைவீதியில் பின்னால் வந்த பயல்கள் வாயாலேயே ஹாரன் அடித்தார்கள். நானும் ஒதுங்கி வழிவிட்டேன். வேறு என்ன செய்ய, எழுதியிருக்கிறதே.

அதைச் செய்து கொடுத்தவரை ஊரே முதலாளி என்றுதான் சொல்லும். எனக்குச் சம்பளம் கொடுத்தவர் அல்ல. நான் தேனி காய்கறி மண்டியில் எடை போடுகிறவன். அவருடைய லாரிகள் கம்பத்திலிருந்து எங்களுக்கு வாழைத்தார் கொண்டுவரும். எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம், கம்பத்தில் பங்காளி வீட்டுக் காரியம் ஒன்றுக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றவனை அவரே கூப்பிட்டார். “ஏலே, நம்ம வண்டி கெளம்புது. தார் மேல ஏறி உக்காந்துக்க.” ஏறினேன். யானை மேல் போகிற ராஜா மாதிரி இருந்தது. சின்னமனூர் தாண்டி ஒரு வளைவில் டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் ஒடித்தார். தார்கள் எல்லாம் கயிற்றுக்குள் நின்றுகொண்டன. அந்த லாரியில் கயிறு போட்டுக் கட்டாத சரக்கு நான் ஒருவன்தான்.

தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வருவதற்கு முன்னால் முதலாளி வந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, மாமரத்துல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லிரு. கேசுன்னு போனா வண்டியப் பிடிச்சு நிப்பாட்டிருவாக. உனக்கு நான் இருக்கேன்ல” என்றார். அப்படியே சொன்னேன். மார்கழியில் மாமரத்தில் உனக்கு என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். மாமரந்தான் என்று மறுபடியும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் வாரம் முதலாளியிடமிருந்து ஊன்றுகோல் வந்தது. கண் கலங்கிவிட்டேன், அவ்வளவு பெரிய அறிவாளி நான். நஷ்டத்துக்குப் பணம் கேட்டபோது, தை பிறக்கட்டும் பாத்துக்கிறலாம் என்றார் முதலாளி. பிறகு பங்குனி போகட்டும் என்றார். வீரபாண்டித் திருவிழா முடியட்டும் என்றார். எடைக்கல் தூக்க முடியாதவனுக்கு மண்டியில் வேலை போயிருந்தது. ஆடி மாதம் அவருடைய ஷெட்டுக்குப் போய் நின்றேன். பத்துப் பேர் பார்க்க அவர் சொன்னார்: “மரத்துல இருந்து விழுந்தவன் மரத்துக்காரன்ட்டல்ல போய்க் கேக்கணும்? என்ட்ட எதுக்குலே வந்த?” அங்கன இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பழக்க தோஷம், கடைசியில் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெரியகுளத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தார். கதையைக் கேட்டு, “விழுந்த ஆறு மாசத்துக்குள்ள மனுப் போடணும்யா. உங்க முதலாளி பஞ்சாங்கத்தப் பாத்து நாள் சொல்லலை, சட்டத்தப் பாத்துச் சொல்லியிருக்காக” என்றார். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் கோர்ட்டு மன்னிக்கலாம்; ஆனால் ஆஸ்பத்திரி ஏட்டில் மாமரமல்லவா இருக்கிறது? பேசிக்கொண்டே அவர் என் கோலைத் திருப்பிப் பார்த்தார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் செய்தது அது. அங்கே பெயின்டர் எந்த வண்டியை முடித்தாலும் ஓரத்தில் தேதி போடுவார். கை வழக்கத்தில் கோலுக்கும் போட்டிருந்தார். குமாஸ்தா அதைத் தடவிக்கொடுத்தார். “கோலாய்யா இது? பத்திரம். மரத்துல இருந்து விழுந்தவனுக்கு லாரிக்காரக மூணாவது வாரமே எதுக்குக் கோல் செஞ்சு குடுத்தாக?”

மதுரையில் நீதிபதியும் அதையேதான் கேட்டார். தாமதம் மன்னிக்கப்பட்டது. கோலைச் சான்றுப் பொருளாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஜெயித்தவன் பஸ் ஸ்டாண்டு வரை ஒற்றைக்காலில் குதித்துப் போனேன்.

பிறகு விசாரணை. டிரைவர் தமக்குத் தெரியாமல் ஏற்றிவிட்டார் என்று மட்டும் சொல்லும்படி முதலாளிக்கு அவருடைய வக்கீல் வராண்டாவில் பாடம் நடத்தியது என் காதில் விழுந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் தப்பியிருப்பார். எங்கள் வக்கீலிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். மாதக்கணக்கில் படுத்துக்கிடந்து அந்த மனிதரை மனப்பாடம் செய்தவன் நான். வக்கீல் கேட்டார்: “உங்க லாரில யார் ஏறுறா, யார் எறங்குறான்னே உங்களுக்குத் தெரியாது. டிரைவர் வச்சதுதான் சட்டம். அப்படித்தானே?”

முதலாளியின் மீசை துடித்தது. “என் வண்டில எனக்குத் தெரியாம ஒரு ஈ ஏறாது. நாந்தான் ஏறச் சொன்னேன். ஒத்தக் காசு வாங்கலை, தருமத்துக்கு ஏத்துனேன்.”

லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வந்திருந்த வக்கீல் அதைக் குறித்துக்கொண்டு, இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தார். சரக்கு லாரியில் தருமத்துக்கு ஏறியவன் பாலிசிக்குள் வரமாட்டான் என்று அந்நாளில் மேல் கோர்ட்டுத் தீர்ப்புகள் இருந்தன. இன்சூரன்ஸ் கம்பெனி கழன்றுகொண்டது. ஏறச் சொன்னவர் மட்டும் மிஞ்சினார். முழு நஷ்ட ஈடும் அவர் தலையில். நான் விழுந்த அதே லாரியை விற்றுத்தான் கட்டினார். வண்டி கைமாறிய அன்று நொண்டி நொண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போகாமல் இருந்திருந்தால் இந்த இடத்தில் என்னைப் பெருந்தன்மையானவன் என்று எழுதிக்கொண்டிருப்பேன்.

வழக்கெல்லாம் ஓய்ந்த பிறகு மனுப் போட்டுக் கோலைத் திரும்ப வாங்கினேன். அதற்குள் கோலில்லாமல் நடக்கப் பழகியிருந்தேன். இப்போது முதலாளி இல்லை, கம்பெனியும் இல்லை. அந்தப் பெயர் எழுதிய பலகை எதுவும் தேனியில் மிச்சமில்லை, என் கோலைத் தவிர. வருடா வருடம் ஆயுத பூசைக்கு முதல் நாள் சின்ன பிரஷ் வாங்கி எழுத்துகளின் மேல் வண்ணம் பூசுகிறேன்.

“செத்தவுக மேல இன்னும் என்ன கோவம்?” என்பாள் என் வீட்டுக்காரி.

“கோவமா? அவுக பேரு அழிஞ்சிரக் கூடாதுல்ல” என்பேன்.

பெயருக்கு ஒரு பூச்சுதான். ஓரத்தில் இருக்கும் தேதிக்கு இரண்டு பூச்சு.