ஜுரம் வராது என்று சொன்னவன்

போன வாரம் பேத்திக்குத் தடுப்பூசி போட அடையாறில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தோம். ஊசி போட்ட பெண் குழந்தையின் தொடையில் பஞ்சை அழுத்தியபடியே, "ராத்திரி ஜுரம் வரும். சொட்டு மருந்து எழுதியிருக்கு, பயப்படாதீங்க" என்று என் மருமகளிடம் சொன்னாள். மருமகள் தலையாட்டினாள். அவ்வளவுதான். எனக்குத்தான் உட்கார முடியாமல் வெளியே வந்து நிற்கவேண்டியிருந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதற்காக எனக்கு ஒரு காலத்தில் சம்பளம் கொடுத்தார்கள்.

ஸ்பிரிட் வாசனை வேறு. அறுபதுகளின் கடைசியில் அது என் சட்டையிலேயே குடியிருந்தது. மயிலாப்பூரில் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவாள். "கொல்லைப் பக்கமா போய்க் குளிச்சுட்டு ஆத்துக்குள்ள வா. எங்கெங்கேயோ தொட்டுண்டு வந்திருக்கே." நான் யாரையும் தொட்டதில்லை. என் வேலை குரல். வானொலியில் செய்தி வாசிக்கப் போய்த் தேறாமல் திரும்பிய குரல்தான். பெரியம்மைக்குத் தடுப்பாக அம்மை குத்தும் குழுவோடு சைக்கிள் ரிக்‌ஷாவில் மைக் பிடித்துப் போக அது போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் செய்தி வாசிப்பதுபோலவே கனத்துப் பேசுவேன். நாய்கள் கூடவே ஓடி வரும்.

குழுவின் அதிகாரி முதல் நாளே சொல்லிவிட்டார். "வலிக்காது, ஜுரம் வராது. இதையே திருப்பித் திருப்பிச் சொல்லு. ஜுரம்னு வாயைத் திறந்தே, ஒருத்தன் கை நீட்டமாட்டான்."

அடையாற்றங்கரைக் குடிசைகளில் கன்னியம்மா என்ற சித்தாள் இருந்தாள். தி.நகரில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு ஜவுளிக்கடைக்குக் கல் சுமந்தவள். எல்லோரும் படலைச் சாத்திக்கொண்ட அன்று அவள்தான் வெளியே வந்து, "மெய்யாலுமே ஜொரம் வராதா சாரு?" என்று கேட்டாள்.

"வரவே வராதும்மா" என்றேன், மைக்கில்.

ஐந்து வயது மகனை முன்னால் தள்ளினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். அன்று அதிகாரி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பையனுக்கு ஜுரம் வந்தது, வரத்தான் செய்யும். கை வீங்கிப் புண் பழுத்து, அவள் நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். பையன் தேறிவிட்டான். ஆனால் அவளை நம்பிக் கை நீட்டியவர்கள் அவளைத்தான் திட்டினார்கள்.

அடுத்த சுற்றில் அவளுடைய கைக்குழந்தை செல்விக்குக் குத்தவேண்டும். "கொயந்த இங்க இல்ல சாரு. பாலவாக்கத்துல தங்கச்சி ஊட்ல கீது" என்றாள். குடிசைக்குள் யாரோ வாயைப் பொத்தியதுபோல ஒரு முனகல். எனக்கு நன்றாகவே கேட்டது. மதியச் சாப்பாட்டு நேரம், எனக்குப் பசி. 'வீட்டில் இல்லை' என்று எழுதச் சொல்லி ரிக்‌ஷாவைத் திருப்பினேன்.

சில வாரங்களில் பெரியம்மை அந்தக் கரைக்கு வந்தது. வேப்பிலை செருகிய படல்களில் அவளுடையதும் ஒன்று. செல்வி பிழைத்தாள். முகமெல்லாம் குழி. கண்கள் இரண்டும் வெளுத்துப் போயிருந்தன.

இனிமேல்தான் நான் சொல்லத் தயங்குவது. "அந்தக் குழந்தைய ரிக்‌ஷாவுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போ" என்றார் அதிகாரி. "நீ நாள் முழுக்கக் கத்துறத அது ஒரு நிமிஷத்துல சொல்லிடும். கண்ணாஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கித் தரோம்னு அவகிட்ட சொல்லு."

போய்ச் சொன்னேன். கன்னியம்மா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"இதுவும் அந்த ஜொரம் மாதிரிதானா சாரு?"

"இல்லம்மா. சத்தியமா."

பத்து நாள் வெயிலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்தாள். "அம்மை குத்திக்கொள்ளாத குழந்தையின் கதியைப் பாருங்கள், தாய்மார்களே" என்பேன். பெண்கள் எட்டிப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். பிறகு வரிசையில் நிற்பார்கள். செல்வி மைக் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரிக்கும். என் குரல் அதற்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் ஒருத்தி, "குத்துனா ஜொரம் வருமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கன்னியம்மா முந்திக்கொண்டாள். "வரும். கையி வீங்கும். நாலு நாளு வேலைக்குப் போவ முடியாது. கண்ணு இருக்கும். குத்திக்க." அவள் பேச்சுக்கு வந்த கூட்டம் என் மைக்குக்கு ஒருநாளும் வந்ததில்லை. இதை அதிகாரியிடம் சந்தோஷமாகவே போய்ச் சொன்னேன். "இனிமே அவளைக் கூட்டிட்டு வராதே, வாய் நீளுது" என்றார்.

சீட்டு வரவில்லை. இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்கவில்லை. எனக்கு வேலை நிரந்தரமாகிற சமயம். அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் ரிக்‌ஷாவைச் சுற்றிப் போகச் சொல்வேன்.

எழுபதுகளில் அந்த நோய் ஊரைவிட்டுப் போயிற்று, பிறகு உலகத்தைவிட்டே போயிற்று. குடிசைகளும் போயின. லாரிகளில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோன அன்று, மைக் பிடிக்க என்னைத்தான் அனுப்பினார்கள். போகிற இடத்தில் வீடு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, வாசலிலேயே குழாய் இருக்கிறது என்று காகிதத்தைப் பார்த்து வாசித்தேன். கன்னியம்மா ஒரு கையில் பாத்திர மூட்டையும் மறு கையில் செல்வியின் கையுமாக ஏறினாள். இந்தத் தடவை அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

இப்போது அந்தக் கரையில் கம்பிவேலி. வேலி ஓரமாகக் காலையில் நடக்கிறவர்களுக்கு அங்கே ஒரு குடியிருப்பு இருந்தது தெரியாது. குழாய் இருந்ததா என்று நான் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.