நாலாம் மாடி ஜன்னல்

போன சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா. கேக் வெட்டி முடிந்து, சாப்பாட்டு வரிசை மண்டபத்தின் வாசல் வரை நீண்டிருந்தது. வரிசை குறையட்டும் என்று மேசையிலேயே இருந்தோம். பக்கத்தில் இருந்த சாந்தி என் போனைப் பறித்துக்கொண்டாள்.

"காட்டடி பாப்பம் புடாபெஸ்ற் படங்களை. ரெண்டு பேரும் தேனிலவெல்லோ போய் வந்தனீங்கள்!"

சாந்தி எனக்கு இருபது வருடத் தோழி. அவள் பறித்தால் நான் பறிகொடுப்பேன், அவ்வளவுதான். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். விமான நிலையம். ஹோட்டல் கட்டில். ஒரு கோப்பை சூப். பிறகு ஒரு கட்டிடம். மறுபடியும் அதே கட்டிடம். அதற்குப் பிறகும்...

"என்னடி இது? உந்தப் பழைய கட்டிடத்தைப் பதினேழு படம் எடுத்து வைச்சிருக்கிறாய்! ஆத்தையும் காணேல்லை, அரண்மனையையும் காணேல்லை."

மேசைக்கு அந்தப் பக்கம் என்னவர் இருந்தார். கையில் பாதி கடித்த றோல்ஸ். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

என்ன சொல்வது? அது நான் சொல்லக்கூடிய கதை இல்லையே.

இருங்கள், முதலில் இருந்தே வருகிறேன்.

எங்கள் ஆட்களின் ஐரோப்பியப் பயணம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? லண்டனில் என் சித்தப்பா வீடு. பாரிஸில் இவருடைய அக்கா வீடு. சூரிச்சில் ஒன்றுவிட்ட தம்பி. போகிற இடமெல்லாம் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும். ஒரு வீட்டில் சாப்பிட்டு மற்ற வீட்டில் சாப்பிடாமல் வந்தால் ஆயுளுக்கும் கோபம். ஈஃபில் கோபுரத்தை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன் — மூன்று தடவையும் ஓடுகிற காரின் ஜன்னலால், மடியில் இடியப்பப் பார்சலோடு.

அதனால் முப்பதாவது கல்யாண நாளுக்கு ஒரு நிபந்தனை போட்டேன். சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத ஊர். நானும் அவரும் மட்டும். நாலு நாள். ஓர் ஆறு, ஒரு பாலம், கையில் ஓர் ஐஸ்கிரீம். இந்த மனிதரோடு கொஞ்சம் ஆற அமர இருந்து கதைக்க வேண்டும்... கல்யாணம் கட்டிய நாளில் இருந்து வேலை, மோட்கேஜ், பிள்ளைகள் என்று ஓடியதில் அது மட்டும் நடக்கவேயில்லை.

சொந்தக்காரர் இல்லாத ஊரைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமா? வியன்னா என்றேன் — அங்கே அவருடைய மச்சான் ஒருவர் இருக்கிறாராம். பிராக் என்றேன் — என் பெரியம்மாவின் பேத்தி படிக்கிறாளாம். கடைசியில் புடாபெஸ்ற் என்றேன்.

சாதாரணமாக நான் கிழக்கு என்றால் மேற்கு என்பவர் இவர். நாங்கள் இருக்கிற அஜக்ஸில் இருந்து அரை மணித்தியாலத் தூரத்து ஸ்ரௌவ்விலுக்கு ஒரு வீடு குடிபுகுதலுக்குப் போவதென்றாலே மூன்று காரணம் கேட்பார். இந்த ஊரின் பெயரைக் கேட்டதும் ஒரு காரணமும் கேட்கவில்லை. "ஓம். போவம்" என்றார்.

அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

டானூப் நதிக்கரையில் ஹோட்டல். ஆற்றைப் பார்த்த அறைதான் வேண்டும் என்று கூடக் காசு கொடுத்து எடுத்திருந்தேன். உள்ளே போனதும் திரைச்சீலையை இழுத்துத் திறந்தேன். அடடா! கீழே ஆறு, ஆற்றில் வெள்ளைப் படகுகள், அக்கரையில் கோபுரமும் ஊசிமுனைகளுமாகப் பாராளுமன்றம். வாயைத் திறந்தபடி நின்றேன். பிறகு குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்தால், திரைச்சீலை மூடியிருந்தது.

திறந்தேன். சூட்கேசில் சட்டை தேடித் திரும்பினால், மறுபடி மூடியிருந்தது.

"ஏனப்பா, ஆத்தைப் பாக்கத்தானே இந்த றூமை எடுத்தனான்?"

"வெயில் அடிக்குது."

"வெயில் மற்றப் பக்கமெல்லோ நிக்குது!"

அவர் திரைச்சீலையின் ஓரத்தை இன்னும் இழுத்துவிட்டார். இது எனக்குப் புதிதும் இல்லை. அஜக்ஸில் எங்கள் வீட்டின் முன்பக்கத்தில் அகலமான ஒரு ஜன்னல் இருக்கிறது. அந்த ஜன்னலுக்காகத்தான் நான் அந்த வீட்டை வாங்கவே சம்மதித்தேன். குடிவந்த நாளில் இருந்து பிளைன்ட்ஸ் கீழேதான். நான் ஏற்றுவேன், அவர் இறக்குவார். இப்படியே பதினெட்டு வருடம்.

இரண்டாம் நாள் அவராகவே சொன்னார். "வாரும், ட்ராமிலை போவம்."

மனம் குளிர்ந்து போனேன். மஞ்சள் நிற ட்ராம். ஏறியதும் ஜன்னலோரம் என்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். கடைசித் தரிப்பிடம் வரை மூடிய கண் திறக்கவில்லை. இறங்கி இன்னொரு ட்ராம் ஏறினோம். அதிலும் அப்படித்தான். அரண்மனை போனது, பாலங்கள் போயின, நான் பட்டியல் போட்டு வைத்திருந்த வெந்நீர்க் குளியல் மாளிகையும் போனது. ஐந்தாவது ட்ராமில் எனக்குப் பொறுமை போனது.

"இவ்வளவு தூரம் பறந்து வந்தது ட்ராமிலை நித்திரை கொள்ளவோ?"

"நான் நித்திரை கொள்ளேல்லை."

"அப்ப கண்ணை மூடிக்கொண்டு என்ன, தவம் செய்யிறியளோ?"

அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவில் இருந்து மகளின் மெசேஜ்: 'அம்மா, ஆர் யூ கைஸ் ஹாவிங் ஃபன்?' ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுச் சூப்பைக் குடித்தேன். சொந்தக்காரர் வீட்டுக்கே போயிருக்கலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது. அங்கேயென்றால் சண்டை பிடிக்கவாவது நாலு பேர் இருப்பார்கள்.

மூன்றாம் நாள். மறுபடி ட்ராம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தேன். கையில் பட்டி கட்டிய ஒரு பரிசோதகர் அம்மா ஏறினார். எங்களிடம் வந்து, "டிக்கெட், ப்ளீஸ்" என்றார்.

டிக்கெட் என் கைப்பைக்குள். நான் தேடி எடுப்பதற்குள் இவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பாஸ்போட்டை எடுத்து நீட்டினார். அந்த அம்மா தலையை ஆட்டினார். இவர் சிற்றிசன் காட்டை எடுத்தார். அவர் மறுபடி தலையை ஆட்டினார். இவர் ஹெல்த் காட்டையும், டிரைவிங் லைசென்சையும், ஹோட்டல் சாவியையும் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டே இருந்தார்.

"நோ, நோ, சேர். ஒன்லி டிக்கெட்."

நான் டிக்கெட்டைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. திரும்பிப் பார்த்தேன். இவர் எல்லாவற்றையும் திரும்பப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பாஸ்போட்டைப் பைக்குள் வைக்க முடியவில்லை. இரண்டு தடவை தவறி மடியில் விழுந்தது.

அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்தோம். நான் கைப்பையை மூடினேன். அவரே சொன்னார்.

"நான் இஞ்சை அஞ்சு மாசம் இருந்தனான்."

"எங்கை?"

"இந்த ஊரிலைதான். எந்த வீடெண்டு தெரியாது."

கல்யாணத்துக்கு முதல், ஊரில் சண்டை நடந்த காலத்தில், ஆட்களைக் களவாக எல்லை தாண்டிவிடும் ஏஜென்சிக்காரன் மூலம் பல நாடு தாண்டிக் கனடா வந்தவர் என்று எனக்குத் தெரியும். அந்தப் பல நாட்டில் இந்த ஊரும் ஒன்று என்று தெரியாது. ஒரு பழைய கட்டிடத்தின் நாலாம் மாடி. ஓர் அறையில் பதினொரு பேர். ஏஜென்சிக்காரன் சொன்ன முதல் சட்டம், ஜன்னலுக்குக் கிட்டப் போகக்கூடாது. ஜன்னலில் ஒரு கம்பளியை ஆணி வைத்து அடித்திருந்தார்களாம். இருமல் வந்தால் தலையணைக்குள் இரும வேண்டும். ஜன்னலே இல்லாத ஒரு வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

"ஆறு கிட்ட இருக்குதெண்டு தெரியும். கப்பல் ஊதுறது கேக்கும். மத்தியானம் கோயில் மணி அடிக்கும். ட்ராம் ஒண்டு முடக்கிலை திரும்பேக்கை கிரீச்செண்டு கத்தும். இந்த மூண்டு சத்தமும்தான் எனக்குத் தெரிஞ்ச புடாபெஸ்ற்."

அப்படியென்றால், இரண்டு நாளாக அவர் ட்ராமில் நித்திரை கொள்ளவில்லை. அந்தச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

எங்கள் பார்ட்டிகளில் ஆண்கள் கூடினால் கட்டாயம் வரும் கதை இது — யார் எந்த வழியால் வந்தார்கள் என்பது. ஒருவர் காட்டுக்குள்ளால் நடந்த கதை, மற்றவர் பிடிபட்டுத் தப்பிய கதை. சொல்கிறவர்களே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இவரும் சேர்ந்து சிரிப்பார். தன் கதையை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

"ஏனப்பா எனக்குக்கூடச் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? மற்றவை நடந்தவை, ஓடினவை. நான் சும்மா இருந்தனான். சும்மா இருந்ததை எப்பிடிக் கதையாச் சொல்லுறது?"

முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தும், ஒரு மனிதர் ஏன் ஜன்னலை மூடுகிறார் என்று கேட்கத் தோன்றாமல் போகுமா? கேட்டிருக்கிறேன். ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் பதிலுக்காகக் கேட்கவில்லை... சண்டைக்காகக் கேட்டேன். அன்று அந்த வாங்கில் இருந்தபோது அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

நாலாம் நாள் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். காலையில் இருந்தே ட்ராம். இந்தத் தடவை நானும் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு நரைத்த தலைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு ஊர் பார்த்த கதை எங்காவது உண்டா? எதிரே இருந்த பெண் நாங்கள் செபம் செய்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். தன் பிள்ளையைச் சத்தம் போடாதே என்று அடக்கினாள்.

மத்தியானம் ஆகப் போகிற நேரம். ட்ராம் ஒரு முடக்கில் திரும்பியது. கிரீச்...

இவர் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

இறங்கினோம். முடக்கில் சாம்பல் பூத்த மஞ்சள் நிறத்தில் ஐந்து மாடிக் கட்டிடம். கீழே ஒரு பேக்கரி. விரலால் மாடிகளை எண்ணினார். நாலாம் மாடி ஜன்னலில் சிவப்புப் பூச்சட்டிகள். ஒரு பெண் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கால்துடைப்பானை உதறினாள்.

"உதுவோ?"

"உதுவாயும் இருக்கலாம்" என்றார்.

அப்போது எங்கேயோ மணி அடிக்கத் தொடங்கியது. அவர் என்னிடம் போனை வாங்கிப் படம் எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார். மேலே இருந்த பெண் எங்களைக் கண்டுவிட்டுக் கையை அசைத்தாள். இவரும் அசைத்தார். பிறகு போனை என்னிடம் தந்துவிட்டுக் கேட்டார், "ஆறு எந்தப் பக்கம் இருக்கும்?"

கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனோம். ஒரு தெருதான். அந்தத் தெரு முடிந்த இடத்தில் டானூப் ஓடிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு கிட்டவோ..." என்றார். பிறகு அழுதார்.

இந்த மனிதர் அழுது நான் பார்த்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை அவருடைய அம்மா இறந்த செய்தி வந்தபோது. அன்றைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஆற்றை ஏன் ஒரு படமாவது எடுக்கவில்லை என்று கேட்கிறீர்களா? என் கை சும்மா இருக்கவில்லை.

இதுதான் பதினேழு படங்களின் கதை. இப்போது மறுபடி பிறந்தநாள் மண்டபத்துக்கு வாருங்கள்.

சாந்தி விடுகிற ஆள் இல்லை. "சொல்லனடி, என்ன கட்டிடம் இது?"

நான் வாயைத் திறக்க முதல், என்னவர் றோல்சைத் தட்டில் வைத்தார். விரலைத் துடைத்தார். கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"சாந்தி, உது நான் முந்தி இருந்த வீடு."

"இதென்ன அண்ணை, நீங்கள் எப்ப அங்கை இருந்தனீங்கள்?"

அவர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டு வரிசை குறைந்து, மறைந்து, கறித் தட்டுகள் காலியாகத் தொடங்கின. எங்கள் மேசையில் இருந்து ஒருவரும் எழும்பவில்லை. சும்மா இருந்த ஐந்து மாதத்தை அவர் சொல்லி முடிக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

மறுநாள் காலை நான் கீழே இறங்கி வந்தபோது முன்பக்க பிளைன்ட்ஸ் மேலே ஏறியிருந்தது. நான் ஏற்றவில்லை. அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு ஜன்னலுக்குக் கிட்ட நின்று, தெருவில் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பத்திரிகைக்கு எழுதும் பத்தியில் இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதும்" என்றார்.

பதினெட்டு வருட அழுக்கு அந்தக் கண்ணாடியில். யார் துடைப்பது என்ற சண்டை மட்டும்தான் இனிப் பாக்கி!