ஸ்படிகத்தின் விளிம்பைத் தேய்க்கக் காஞ்சிபுரம் போனேன்

மயிலாப்பூரில் டிராம் ஓடும் வரை சிற்றலையில் ஒன்றும் உருப்படியாகக் கேட்க முடியாது. ஒவ்வொரு வண்டியும் கம்பியில் பொறி தெறித்துக்கொண்டு போகும்போது என் ரேடியோப் பெட்டி பட்டாணி வறுக்கும். அதற்காக மட்டும் நான் ஊரை விட்டுக் கிளம்பவில்லை. என் அக்காவின் பிள்ளை கோபு ஒரு சரக்குக் கப்பலில் கம்பியில்லாத் தந்தி அடிக்கிறவன். வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. தினம் மாலை ஆறு மணிக்கு மேல், கப்பல் இருக்கும் இடத்தைக் கரைக்குத் தெரிவிப்பான். இந்த மாசி மாதம் கப்பல் வங்காள விரிகுடாவில் இருந்தது. மாதக் கடைசியில் ஆப்பிரிக்கா பக்கம் போய்விடும். அதற்குள் அவன் கை தந்தி தட்டுவதை அக்கா ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரத்தில் அவள் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

எழும்பூரில் காலை ஏழரை மணி வண்டி. செங்கல்பட்டில் மாற வேண்டும். மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் மூன்றணா. பாட்டரியில் திராவகம் இருக்கிறதே என்று பெண்கள் வண்டியில் என்னைச் சுற்றி நல்ல இடம் விட்டார்கள், அது ஒரு லாபம். காஞ்சிபுரம் போய்ச் சேரும்போது பதினொன்றேகால். சின்ன காஞ்சிபுரத்துக்கு ஜட்காக்காரர் ஆறணா கேட்டார், ஐந்துக்கு இறங்கினார்.

“இன்னாம்மா, பொட்டி இம்மாங் கனமா கீது?”

“திராவகம்ப்பா. சாயாமல் வையுங்கள்.”

“அது கொட்டிக்கினா குதிரைக்கு ஆவாதும்மா. நீங்களே மடியில வச்சிக்கினு வாங்க.” புடவையில் இரண்டு ஓட்டையுடன் அக்கா வீட்டுக்குப் போய் இறங்கினேன்.

அத்திம்பேர் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். மகன் விட்டுப்போன புத்தகத்தை வைத்துப் புள்ளியும் கோடும் தாமே கற்றுக்கொண்டவர். மாடியில் ஏரியல் கட்டி மாலையில் கேட்டோம். கோபு வந்தான். ஆனால் அவன் மேலேயே இன்னொரு நிலையம், நிறுத்தாமல் மழை மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. கேட்கும் குழாயைக் காதில் வைத்திருந்த அக்கா, “இதுல எதுடி கோபு?” என்று கேட்டாள். என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெட்டியில் கால் ரூபாய் அளவில் ஒரு சதுர ஸ்படிகச் சில்லு, இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே இருக்கிறது. மின்சாரம் பட்டால் அது நடுங்கும். ஒரே ஒரு வேகத்தில்தான் நன்றாக நடுங்கும், அந்த வேகத்தில் வரும் நிலையத்தை மட்டும் உள்ளே விடும். அப்படித்தான் விற்றவன் விலைப்பட்டியலில் போட்டிருந்தான்.

அத்திம்பேர் குற்றவாளியை உடனே கண்டுபிடித்துவிட்டார். கொல்லைப் பக்கத்துத் தெருவில் ஏகாம்பரத்தின் தறி. அது இடிக்கிற இடியில் தகடுகள் அதிர்ந்து ஸ்படிகம் குழம்புகிறது என்றார். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு நாள் மாலையில் மட்டும் தறியை நிறுத்தச் சொல்லிக் கேட்கப் போனோம்.

“முகூர்த்தப் பொடவை சாமி. வெள்ளிக்கெழம அறுத்துக் குடுக்கணும்,” என்றார் ஏகாம்பரம், கால் நிற்காமல். “சத்தம் ஆவலன்னா நீங்க பொட்டிய எடுத்துக்கினு போலாம். நான் தறிய எடுத்துக்கினு எங்க போவேன்?”

அதுவும் சரிதான். மறுநாள் மத்தியானம் மாட்டுவண்டி பேசிக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் போனோம். போகவர பன்னிரண்டணா. வேகவதி ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலில் சக்கரம் புதைந்து அத்திம்பேர் இறங்கித் தள்ளினார். ஜினர் கோயில் விதானத்துச் சித்திரங்களை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள், கழுத்து வலித்தாலும் பரவாயில்லை. கோயிலை அடுத்த ஒரு ஜைனர் வீட்டில் தென்னைமரத்தில் ஏரியல் கட்ட இடம் கொடுத்தார்கள். அவர்கள் சூரியன் மறைந்தபின் சாப்பிடுவதில்லை. கோபு தந்தி அடிக்கும் நேரமும் அதுதான். “பொழுது போறதுக்குள்ள சாப்ட்டுடும்மா, அப்புறம் தர முடியாது” என்று அந்த அம்மாள் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். ஒரு காதில் குழாயும் ஒரு கையில் மோர்சாதமுமாக நான் கேட்டேன். அங்கே தறியும் இல்லை, டிராமும் இல்லை. ஆனால் கோபுவின் மேல் அந்த இரண்டாவது நிலையம் மட்டும் அப்படியே கணீரென்று வந்தது.

தறி மேல் குற்றமில்லை என்று ஆகிவிட்டது. எனக்குக் கோபமாக வந்தது, என் பெட்டி மேல். குற்றம் ஸ்படிகத்துக்குள்ளேயே இருக்கிறது. வேண்டிய நடுக்கம் அதன் நடுப்பகுதியில் நடக்கிறது. கூடவே விளிம்புகள் தங்கள் இஷ்டத்துக்கு வேறொரு வேகத்தில் நடுங்குகின்றன. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை. அந்த வழியாகத்தான் அடுத்தவன் உள்ளே வருகிறான்.

முதலில் மூலைகளில் துளி மெழுகு வைத்துப் பார்த்தேன். இரண்டாவது நிலையம் அடங்கியது, ஆனால் கோபுவும் கூடவே அடங்கினான். இனி ஒரே வழி, விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து மெல்லியதாக்குவது. கொஞ்சம் தப்பினாலும் சில்லு தெறிக்கும். வேறு சில்லு சீமையிலிருந்து வர மாதக்கணக்காகும். கப்பலோ மறுநாள் மாலைக்குப் பிறகு எட்டாது.

“தேய்ச்சா கெட்டுப்போகுமா?” என்றாள் அக்கா.

“போகலாம்.”

“தேய்க்காட்டா?”

“இப்படியே ரெண்டு பேரும் சேர்ந்து வருவா.”

“அப்போ தேய். ரெண்டு பேர் பேசறச்சே என் பிள்ளை எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

மறுநாள் காலை தேய்க்கத் தட்டையான கண்ணாடி தேவைப்பட்டது, பெருமாள் படத்தின் மேல் ஒன்று இருந்தது. அதைத் தர மாட்டேன் என்று அக்கா, தலைவாரும் கண்ணாடியைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அதன் மேல் சாணைப்பொடியும் தண்ணீரும். சில்லைச் சாய்த்துப் பிடித்து, நான்கு ஓரமும் கொஞ்சம் தேய்த்து, சோப்பில் கழுவி, உலர்த்தி, பெட்டியில் வைத்துக் கேட்க வேண்டும். இரண்டாவது நிலையம் நாள் முழுக்க அடித்ததால் சோதிப்பது சுலபம். ஒவ்வொரு தேய்ப்புக்கும் அது தூரத்தூரப் போயிற்று. சாயங்காலம் நெருங்கும்போது ஒரு தடவை வைத்தேன். ஒன்றுமே இல்லை, பெட்டி செத்துக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்திம்பேர்தான், சோப்பு பூராவும் போயிருக்காது என்று ஸ்பிரிட்டை எடுத்து நீட்டினார். மறுபடி துடைத்து வைத்ததும் உயிர் வந்தது.

ஆறு மணிக்கு மேல் கோபு வந்தான். அவன் மட்டும் வந்தான். புல்லாங்குழல் மாதிரி ஒரே சுருதியில், சுற்றிலும் தூசி தும்பு இல்லாமல். பிறர் செய்தியை வெளியிடுவது லைசென்ஸ் சட்டப்படி குற்றம், ஆகவே கப்பல் பெயரும் இடமும் இங்கே கிடையாது. அக்காவுக்கு அதெல்லாம் தேவையும் இல்லை. குழாயை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நிமிஷம்கூட இல்லை, முடித்துவிட்டான். அக்கா குழாயை எடுக்கவில்லை.

“ஒண்ணுமே இல்லையேடி.”

“முடிச்சுட்டான், அக்கா.”

“அன்னிக்கு இவன் நின்னப்புறமும் அந்த இன்னொருத்தன் இருந்தான். இன்னிக்கு யாருமே இல்லை.”

அந்த நிசப்தம் என் கைவேலை. ஒரு நிமிஷம் முன்பு வரை அதில் எனக்கு அவ்வளவு பெருமை. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது பொறுக்க முடியாததாகிவிட்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பாட்டரி சார்ஜ் செய்ய அரிசி மில்லில் கேளுங்கள், எட்டணா. திராவகத்தை மடியில் வைக்காதீர்கள். பட்டுப் பார்க்க வேண்டுமானால் ஏகாம்பரத்தின் தெருவில் காலையில் போங்கள், மாலையில் பேச நேரமிருக்காது. ஸ்படிகத்தில் இரண்டாவது நிலையம் கேட்டால் ஊரைக் குறை சொல்லாமல் விளிம்பைத் தேயுங்கள்.

கூடவே, ஸ்படிகத்தை ஒதுக்கிவிட்டு எல்லா நிலையத்து இரைச்சலும் கேட்க ஒரு சுவிட்ச் வையுங்கள். நன்றாகத் தேய்த்த சில்லுக்கு அது அவசியமே இல்லை. ஊர் திரும்பும் நாள் காலையில் நான் ஒன்று வைத்து, பெட்டியை அங்கேயே விட்டு வந்தேன். கப்பல் எட்டாத தூரம் போய் இரண்டு மாதம் ஆகிறது. அக்கா இன்னும் தினம் ஆறு மணிக்குப் பெட்டியைப் போடுகிறாளாம், சுவிட்ச் இரைச்சல் பக்கத்திலேயே இருக்கிறதாம். அத்திம்பேர் எழுதியிருந்தார்.